ஜீரோ டர்ன் புல்வெட்டியின் முன் காஸ்டர் சக்கரம்: உதறல், கிரீச் சத்தம், இறுக்கினால் சுற்றவில்லை

மைதானக்காரன்:
கமர்ஷியல் ஜீரோ டர்ன் (நின்ன இடத்துலயே திரும்புற) புல்வெட்டி மெஷின், 52 அங்குல டெக் (பிளேடு இருக்குற அடிப்பெட்டி). முன்னாடி ரெண்டும் காஸ்டர், அதாவது தானா திரும்புற சக்கரம், 13×5.00-6 காற்று டயர். ஹப்புல ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கு, ஃபோர்க் தண்டுக்கு மேல தகர மூடி. மூணு தொந்தரவு ஒண்ணா வந்திருக்கு.

இடது சக்கரம் வேகம் கூடினா படபடன்னு உதறுது. வலது சக்கரம் கிரீச்னு கத்துது; அந்த ஆக்சில் போல்ட்டை இறுக்கினா சக்கரம் சுத்த மாட்டேங்குது, அரைச் சுத்து தளர்த்தினா சாயுது. வெட்டின புல்லுல இடது பக்கம் அரை விரல்கடை உயரமா நிக்குது.

ரெண்டு சக்கரத்துக்கும் பேரிங் செட் வாங்கி மாத்திட்டா எல்லாம் சரியாயிடுமா, இல்ல டெக் லிங்க்ல (டெக்கைத் தாங்குற கம்பி) கை வைக்கணுமா?

கிரீஸ்கன்:
எதையும் வாங்காதீங்க, டெக் லிங்க்கையும் தொடாதீங்க. முதல்ல எந்த மூட்டுல கோளாறுன்னு பிரிச்சுப் பாருங்க. காஸ்டர்ல ரெண்டு மூட்டு இருக்கு. ஒண்ணு, சக்கரம் ஆக்சில்ல சுத்துற ஹப். ரெண்டு, ஃபோர்க்கோட செங்குத்துத் தண்டு ஃபிரேம் குழாய்க்குள்ள திரும்புற பிவட். உதறல் பெரும்பாலும் பிவட்ல இருந்து வரும். கிரீச் சத்தமும் சாய்வும் ஹப்ல இருந்து வரும். ரெண்டுக்கும் பேரிங் வேற, சரிபண்ற முறையும் வேற.

சமதளத்துல நிறுத்தி பிளேடை அணைச்சு, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழட்டுங்க. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. முன் ஃபிரேம் குறுக்குச் சட்டத்துல ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் மேல இறக்குங்க. டெக்குக்கு அடியில ஜாக்கி வேண்டாம். தகடு நசுங்கும், டெக் ஆடுற பொருள் வேற.

இப்போ ஒரு கையால ஃபோர்க்கை அசையாம பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா அது ஹப். அடுத்து டயரை விட்டுட்டு ஃபோர்க்கையே முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஃபிரேம் குழாய்க்கு மேல தண்டு அசைஞ்சா அது பிவட். பிவட் குழாய் வாயில விரல் நுனியை வச்சுக்கிட்டு ஆட்டினா, கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

அப்புறம் சக்கரத்தைச் சுத்திவிட்டு, ஃபோர்க் மேல கையை வைங்க. நறநறன்னு கைக்குத் தெரிஞ்சா உருளை போயிருக்கு. வழவழன்னு சுத்தியும் கத்துதுன்னா கிரீஸ் வறண்டிருக்கு, இல்லன்னா ஹப் முனை ஃபோர்க் காதுல (சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் இறங்குற தகடு) உரசுது.

கடைசல்காரர்:
"இறுக்கினால் சுற்றவில்லை, தளர்த்தினால் சாய்கிறது" என்பது மிகத் தெளிவான அடையாளம். பேரிங்கை விட ஸ்பேசரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வகை ஹப்பின் அமைப்பு: ஹப்பின் இரு முனைகளிலும் ரோலர் கேஜ் (உருளைகளை அடக்கிய கூடு) அல்லது புஷ் (உருளையில்லாத வழவழப்பான வளையம்). அவற்றின் நடுவே ஒரு எஃகுக் குழாய், அதாவது ஸ்பேசர். அதற்குள் ஆக்சில் போல்ட். போல்ட்டை இறுக்கும்போது ஃபோர்க்கின் இரு காதுகளும் ஸ்பேசரின் இரு முனைகளைத்தான் கவ்வ வேண்டும். ஸ்பேசரும் போல்ட்டும் ஃபோர்க்கோடு நிலையாக நிற்க, அவற்றைச் சுற்றிச் சக்கரம் மட்டும் ஓடும். எனவே ஸ்பேசர், ஹப்பின் மொத்த அகலத்தைவிடச் சற்று நீளமாக இருந்தாக வேண்டும். மொத்த அகலம் என்றால் பேரிங்கின் விளிம்பு, டஸ்ட் கவர், வாஷர் எல்லாவற்றையும் சேர்த்து. இரு பக்கமும் கூட்டி 1 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும்.

ஸ்பேசர் முனை தேய்ந்து குட்டையானால், காதுகள் ஹப்பையே கவ்வும்; சக்கரம் நிற்கும். அதற்குப் பயந்து போல்ட்டைத் தளர்த்தி ஓட்டினால், ஸ்பேசர் போல்ட்டின் மேல் சுற்றத் தொடங்கும். அப்போது போல்ட் அரியும், காதின் துளை முட்டை வடிவமாகும், ஸ்பேசர் முனை மேலும் தேயும். கிரீச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

வெர்னியரால் இரண்டு அளவு எடுங்கள்: ஸ்பேசரின் நீளம், எல்லாம் பொருத்திய நிலையில் ஹப்பின் அகலம். அந்த வித்தியாசத்தை இங்கே சொல்லுங்கள்.

டயர்பட்டறை:
மூணாவது பிரச்சினைக்கு மட்டும் சொல்றேன். இடது உயரம்னா வலது தாழ்வுன்னும் அர்த்தம். முதல்ல நாலு டயரிலும் காற்று பாருங்க, குளிர்ந்த நிலையில. முன் காஸ்டருக்கு நிறைய மெஷின்ல 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பக்கத்துல சொல்லியிருப்பாங்க, பின் டயருக்கு அதைவிட ரொம்பக் குறைவு, 13 பிஎஸ்ஐ மாதிரி. உங்க மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. எந்த எண்ணா இருந்தாலும் இடதும் வலதும் ஒண்ணா இருக்கணும். பின் டயர்ல சில பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே டெக் சாயும், ஏன்னா பாரம் பெரும்பாலும் அங்கதான் உட்கார்ந்திருக்கு.

பெரிய லாரிக்கு வச்சிருக்கிற கேஜ் இந்த வேலைக்கு ஆகாது. 0-லேருந்து 60-க்குள்ள காட்டுற சின்ன கேஜ் வேணும்.

காற்று சமமா இருந்தும் சாய்வு இருந்தா, ரெண்டு முன் டயரோட சுற்றளவையும் டேப் வச்சு அளங்க. ஒரு பக்கம் புது டயர், இன்னொரு பக்கம் மொட்டை டயர்னா அதுவே காரணம். அதுக்கும் அப்புறம்தான் ஃபோர்க் வளைவு, கடைசியாத்தான் டெக் லிங்க். வரிசையை மாத்தினா, வளைஞ்ச ஃபோர்க்குக்கு ஏத்த மாதிரி டெக்கைக் கோணலாக்கி வச்சுடுவீங்க. நாளைக்கு ஃபோர்க் மாத்தும்போது திரும்ப முதல்ல இருந்து.

மைதானக்காரன்:
நன்றி அண்ணே. பார்த்துட்டேன். பின் வலது 9 பிஎஸ்ஐ, பின் இடது 13. முன்னாடி ரெண்டும் 24. வலது பின் டயர்ல காற்று நிரப்பினதும் சாய்வு கிட்டத்தட்ட போயிடுச்சு.

ஆட்டிப் பார்த்ததுல, இடது ஃபோர்க் பிவட்ல நல்லாவே ஆடுது, ஹப்புல ஆட்டம் இல்லை. வலதுல பிவட் கெட்டி, ஹப்புலதான் ஆட்டம். வலது சக்கரத்தைக் கழட்டலாம்னா போல்ட் வர மாட்டேங்குது. நட்டு கழண்டுடுச்சு, போல்ட் ஸ்பேசரோட ஒட்டிக்கிச்சு.

மரைபிடிச்சவன்:
துரு. தண்ணி உள்ள போய் போல்ட்டுக்கும் ஸ்பேசருக்கும் நடுவுல வேலை செஞ்சிருக்கு. நட்டை மரை நுனி மறையுற அளவுக்குத் திரும்பப் போட்டுக்கங்க. வெறும் போல்ட் நுனியில அடிச்சா முனை காளான் மாதிரி விரிஞ்சு, அப்புறம் எந்தப் பக்கமும் வராது. துரு இளக்குற எண்ணெயை ரெண்டு காதுப் பக்கமும் அடிச்சு ஒரு ராத்திரி ஊற விடுங்க. மறுநாள் போல்ட் தலையில ஸ்பேனர் போட்டு, கழட்டப் பார்க்காம, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. திரும்ப ஆரம்பிச்சாச்சுன்னா செம்பு சுத்தியலால தட்டி எடுத்துடலாம்.

அதுக்கும் மசியலைன்னா, ஃபோர்க் காதுக்கும் ஹப்புக்கும் நடுவுல ஹாக்சா பிளேடை விட்டு ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. போல்ட்டும் ஸ்பேசரும் போகும், ஃபோர்க்கும் ஹப்பும் பிழைக்கும். கேஸ் நெருப்பு வைக்கிறதா இருந்தா முதல்ல வால்வு ஊசியைக் கழட்டி டயர் காற்றை முழுசா இறக்கணும். காற்று இருக்குற டயர் பக்கத்துல நெருப்பு ஆபத்து, விளையாட்டு இல்லை.

திரும்ப மாட்டும்போது போல்ட் உடம்புல ஆன்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிசா தடவுங்க, மரையில வேண்டாம். மரையிலயும் பட்டா அதே டார்க்குக்கு (இறுக்குற முறுக்குவிசை) போல்ட் கூடுதலா இழுபடும். நைலாக் நட்டு ஒருதடவை கழட்டியாச்சுன்னா புதுசு போடுங்க. கையால திருகிப் பார்த்து, நைலான் வளையத்துக்குள்ள போகும்போதும் சுலபமா ஓடுதுன்னா அது நைலாக் இல்லை, வெறும் நட்டு.

கிரீஸ்கன்:
வலது ஹப் வெளிய வர்றதுக்குள்ள இடது பிவட்டை முடிச்சுடுங்க. மேல இருக்குற தகர மூடியை ஸ்க்ரூடிரைவரால சுத்திச் சுத்தி நெம்புங்க, ஒரே பக்கம் நெம்பினா கோணலாயிடும். உள்ள நைலாக் நட்டு, அதுக்குக் கீழ கிண்ணம் மாதிரி குழிஞ்ச ஸ்பிரிங் வாஷர் அடுக்கு இருக்கா பாருங்க.

அந்த அடுக்கு இருந்தா: நட்டை வாஷர்கள் தட்டையாகுற வரைக்கும் இறுக்கி, அங்கேருந்து கால் சுத்து தளர்த்துங்க. அவ்வளவுதான் செட்டிங். வாஷர்களோட குழிவு எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு கழட்டுறதுக்கு முன்னாடி படம் எடுத்துக்கங்க. எல்லாத்தையும் ஒரே பக்கம் பார்த்து அடுக்கினா ஸ்பிரிங் விறைப்பாகும், எதிர் எதிரா வச்சா இளகும். மாத்தி வச்சா அந்தக் கால் சுத்துக் கணக்கு பொய்யாயிடும்.

அடுக்கு இல்லாம வெறும் நட்டு மட்டும் இருந்தா: ஃபோர்க்கை முழுசா சுத்திக்கிட்டே நட்டை இறுக்குங்க, உருளைகள் கப்புல (குழாய்க்குள்ள இருக்குற பேரிங் வெளிவளையம்) உட்காரட்டும். கெட்டியானதும் தளர்த்தி, ஆட்டம் போகுற புள்ளி வரைக்கும் மட்டும் திரும்ப இறுக்குங்க.

சரியா இருக்கான்னு பார்க்க: சக்கரம் தரையில படாத நிலையில ஃபோர்க்கை விரலால தள்ளினா திரும்பணும், விட்ட இடத்துல நிக்கணும். தானா ஊஞ்சலாடினா தளர்வு. கையால வலிச்சுத் திருப்ப வேண்டி இருந்தா இறுக்கம், அந்த மெஷின் நேரா ஓடாது, வளைஞ்ச பிறகு இழுத்துக்கிட்டே போகும்.

கடைசல்காரர்:
ஒரு சேர்க்கை. நட்டை இறுக்கியதும் உதறல் நின்றுவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். காஸ்டர் சக்கரத்தின் தரைத்தொடுபுள்ளி, தண்டின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு மேட்டில் பட்டுச் சக்கரம் ஒரு பக்கம் விலகினால், அது நடுநிலைக்குத் திரும்பி, அதையும் தாண்டி மறுபக்கம் போகும். இந்த ஊசலைத் தணிப்பது பிவட்டில் உள்ள சிறு உராய்வுதான். பேரிங் தேய்ந்தால் அந்த உராய்வு போய்விடும். கூடவே தண்டும் சாய்ந்து ஆடும். தேய்ந்த பேரிங்கை இறுக்கினால் உராய்வு சில வாரத்துக்குத் திரும்பும். பிறகு பள்ளம் விழுந்த இடத்தில் ஃபோர்க் சிக்கிச் சிக்கித் திரும்பும்.

ஆகவே ஃபோர்க்கைக் கீழே இறக்கி, கோன்களை (உருளைகளோடு கூடிய உள்வளையம்) டீசலில் கழுவி, கப்புகளைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளுக்கு இடையேயான தூரத்தில் வரிசையாகப் பள்ளம் இருந்தால், நடைபாதைக் கல்லில் இடித்த இடி. அதே தூரத்தில் கறுப்புக் கோடுகள் மட்டும் இருந்தால், தண்ணீர் கலந்த கிரீஸோடு பல மாதம் நிறுத்தி வைத்தது. மஞ்சள் அல்லது நீல நிறம் ஏறியிருந்தால், கிரீஸ் இல்லாமல் அல்லது அதிக இறுக்கத்தில் சூடானது. நகத்தால் தடவும்போது செதில் உதிர்ந்த குழி தட்டுப்பட்டால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். கப்பையும் கோனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

மைதானக்காரன்:
இறக்கிட்டேன் சார். கீழ்க் கப்புல வரிசையா பள்ளம். மேல்கப்பு சுத்தமா இருக்கு. கோன்ல "எல்44643"னு எழுத்து. கீழ் சீல் கிழிஞ்சு, தண்டுல நைலான் கயிறு சுத்தியிருந்துச்சு. கப்பை எப்படிக் கழட்டுறது? உள்ள பிடிமானமே இல்லை.

கடைசல்காரர்:
எல்44643 என்றால் உள்விட்டம் 25.4 மி.மீ., அதாவது 1 அங்குலத் தண்டு. அதற்கான கப் எல்44610, வெளிவிட்டம் 50.292 மி.மீ. பொதுவாகக் கிடைக்கும் அளவு. மெஷின் நிறுவனத்தின் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தண்டு ஒன்றேகால் அங்குலமாக உள்ளவர்களுக்கு எல்எம்67048, கப் எல்எம்67010. முக்கால் அங்குலத்துக்கு எல்எம்11949, கப் எல்எம்11910. எண்ணைப் பார்த்து வாங்குங்கள், "அந்த மெஷினுக்கு உள்ளது" என்று சொல்லி வாங்காதீர்கள்.

கப்பைக் கழற்ற: குழாயின் எதிர்முனையிலிருந்து நீண்ட பித்தளைக் கம்பியை விட்டு, கப்பின் பின்விளிம்பில் வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். விளிம்பு முழுக்க மறைந்து கம்பிக்குப் பிடி கிடைக்காத குழாய்களும் உண்டு. அதற்கு, கப்பின் உள்ளே உருளை ஓடும் பரப்பில் சுற்றிலும் ஒரு வெல்டிங் கோடு போடுங்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கிக் கப்பையும் சுருக்கும், தட்டினால் விழுந்துவிடும். எர்த் கிளாம்ப்பை அதே குழாயில் கொடுங்கள், வேறெங்கும் கொடுத்தால் மின்சாரம் மற்ற பேரிங்குகள் வழியாகப் பாயும். பேட்டரியையும் கழற்றி வையுங்கள்.

புதுக் கப்பை உள்ளே தள்ள, பழைய கப்பின் வெளிப்பக்கத்தைக் கிரைண்டரில் சற்றுத் தேய்த்து எடுத்துக்கொண்டால் அதுவே அச்சு. புதுக் கப்பைச் சில மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் சுலபமாக இறங்கும். தட்டும் சத்தத்தைக் கேளுங்கள்: இறங்கும்வரை மந்தமாக இருக்கும், அடியில் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வருமுன் நிறுத்தினால், ஓட ஓடக் கப் இறங்கி, நீங்கள் வைத்த செட்டிங் தளர்ந்துவிடும்.

கிரீஸ்கன்:
கோனுக்கு கிரீஸ் மேல தடவினா போதாது. உள்ளங்கையில ஒரு கட்டி கிரீஸ் வச்சு, கோனோட அகலமான பக்கத்தை அதுல அழுத்தி அழுத்தி இழுங்க, மறுபக்கத்துல உருளைகளுக்கு நடுவுல கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும். அப்படியே ஒரு சுத்து.

கிரீஸ் என்எல்ஜிஐ 2 கிரேடு (கிரீஸோட கெட்டித்தன்மை அளவு), லித்தியம் காம்ப்ளெக்ஸ். தண்ணியில அடிபடுற மெஷின்னா கால்சியம் சல்ஃபோனேட் வகை நல்லா நிக்கும். ஏற்கெனவே உள்ள கிரீஸ் என்னன்னு தெரியலைன்னா முழுசா கழுவிட்டுப் புதுசு போடுங்க. லித்தியமும் பாலியூரியாவும் கலந்தா இளகி ஒழுக வாய்ப்பு இருக்கு.

கீழ் சீல்: நிப்பிள் வழியா கிரீஸ் அடிக்கிற பிவட்னா சீல் உதடு வெளிப்பக்கம் பார்த்து இருக்கணும். அப்போதான் பழைய கிரீஸ் வெளியேறும், தூசி உள்ள வராது. நிப்பிள் இல்லாத பிவட்டுக்கு மேனுவல்ல காட்டின மாதிரி போடுங்க.

நைலான் கயிறுதான் சீலைக் கிழிச்சிருக்கு. டிரிம்மர் லைன், சாக்குக் கயிறு, பிளாஸ்டிக் நாடா, எதுவா இருந்தாலும் ஆக்சில்ல சுத்தினா சீலுக்கு அடியில புகுந்துடும். வேலை முடிஞ்சதும் குனிஞ்சு பார்த்து அறுத்து எடுத்துடுங்க.

பச்சைத்தரை:
இழைக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். ஒவ்வொரு நாளும் பிரஷர் வாஷரில் கழுவுவது காஸ்டருக்கு நல்லதா?

கிரீஸ்கன்:
இல்லை. அந்த அழுத்தத் தண்ணி சீல் உதட்டைத் தாண்டிப் போயிடும், வெளிய வர வழி இல்லை. ஹப்பையும் பிவட்டையும் விட்டுட்டு மத்த இடத்தைக் கழுவுங்க. அங்க பிரஷ்ஷும் காற்றும் போதும். தெரியாம தண்ணி அடிச்சுட்டா அன்னிக்கே கிரீஸ் அடிச்சு, புது கிரீஸ் தெரியுற வரைக்கும் தள்ளிவிடுங்க.

மைதானக்காரன்:
வலது ஹப்பையும் பிரிச்சாச்சு. போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரோலர் கேஜ்ல ரெண்டு உருளையைக் காணோம், ஸ்பேசர்ல உருளை ஓடின இடத்துல படிக்கட்டு மாதிரி தேய்மானம். அறுபடாத முனைப்பக்கம் வச்சு அளந்து, மறுபக்கத்தைச் சேர்த்துப் பார்த்தா ஸ்பேசர் ஹப்பைவிட 1.2 மி.மீ. குட்டை.

ரெண்டு கேள்வி. ஸ்பேசரை லேத்ல செஞ்சுக்கலாமா? ரோலர் கேஜுக்குப் பதிலா சீல் பண்ணின பால் பேரிங் போட்டா கிரீஸ் வேலையே இருக்காதுன்னு சொல்றாங்களே, அது சரியா?

கடைசல்காரர்:
முதல் கேள்வி. ரோலர் கேஜ் வகையில் உருளைகள் நேராக ஸ்பேசரின் மேல்தான் ஓடுகின்றன, ஸ்பேசரே உள்வளையம். எனவே அதன் பரப்பு கடினமாக்கப்பட்டு, கிரைண்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும். சாதாரணக் குழாயைக் கடைந்து போட்டால், சீக்கிரமே அதே படிக்கட்டுத் தேய்மானம் வரும். கடைவதானால் இஎன்8 எஃகில் கடைந்து, பரப்பை இண்டக்ஷன் முறையில் கடினமாக்கி, பிறகு கிரைண்ட் செய்யும் வசதி வேண்டும். அது இல்லையென்றால் கம்பெனி ஸ்பேசரே மலிவு. வெண்கலப் புஷ் அல்லது பிளாஸ்டிக் புஷ் உள்ள ஹப்பானால் கதை வேறு. அங்கே வழவழப்பாகக் கடைந்த சாதாரண எஃகு போதும்.

வாஷர் போட்டு 1.2 மி.மீ.ஐ ஈடுகட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாஷர் ஸ்பேசரின் முனையில் மட்டும் உட்கார்ந்து, ஹப்பைத் தொடாத சிறிய வெளிவிட்டம் கொண்டதாக இருந்தால் தற்காலிகமாக ஆகும். உங்கள் ஸ்பேசர் உருளை ஓடும் இடத்திலேயே தேய்ந்துவிட்டதால், அதற்கு அந்த வைத்தியம் செய்தும் பயனில்லை.

மரைபிடிச்சவன்:
ரெண்டாவது கேள்விக்கு நான். பால் பேரிங் மாத்தலாம், கிட்டாவும் வரும். ஆனா ரெண்டு இடத்துல மாட்டிப்பாங்க.

முதல் பொறி அளவு. 5/8 அங்குல ஆக்சிலுக்கு 99502எச்-னு ஒரு பேரிங் உண்டு: உள்விட்டம் 5/8, வெளிவிட்டம் 1-3/8 அங்குலம், அதாவது 34.925 மி.மீ. 6202-10-ன்னு இன்னொண்ணு: உள்விட்டம் அதே 5/8, ஆனா வெளிவிட்டம் 35 மி.மீ. கையில வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு. 0.075 மி.மீ. வித்தியாசம்தான். ஆனா அங்குல ஹப்புல 35 மி.மீ. பேரிங்கை அடிச்சு இறக்கினா வெளிவளையம் நசுங்கி, உள்ள குண்டுக்கு இடமே இருக்காது, புதுசுலேயே இறுகும். எதிர்மாறாப் போட்டா ஹப்புக்குள்ள வெளிவளையமே சுத்தி, ஹப்பை அரிச்சுடும்.

ரெண்டாவது பொறி நடு ஸ்பேசர். பால் பேரிங்ல ஸ்பேசர் ரெண்டு உள்வளையத்துக்கும் நடுவுல நிக்குது. அதோட நீளமும் ஹப்புக்குள்ள ரெண்டு பேரிங் படிகளுக்கு நடுவுல இருக்குற தூரமும் ஒண்ணா இருக்கணும். ஸ்பேசர் குட்டையா இருந்தா, போல்ட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் ஒண்ணை நோக்கி ஒண்ணு தள்ளி, குண்டுகள் பக்கவாட்டுல நெரியும். வெளியில பார்த்தா எல்லாம் அழகா சுத்தும், ஓட ஆரம்பிச்சதும் சூடாகும். அதனால தனி பேரிங் வாங்காம, ஸ்பேசரோட வர்ற மாற்று கிட் வாங்குங்க.

கிரீஸ்கன்:
எனக்கு ரோலர் கேஜே போதும்னு படுது. பால் பேரிங் சீல் போச்சுன்னா பேரிங்கும் போச்சு, நடுவுல காப்பாத்த வழி இல்லை. ரோலர் கேஜ் கொஞ்சம் அழுக்கையும் தாங்கும், கிரீஸ் அடிச்சா அழுக்கு வெளியேறும். 40-50 மணி நேரத்துக்கு ஒருதடவை, புழுதி நிலம்னா அதுல பாதிக்கு, கிரீஸ் அடிக்கப் பொறுமை இருக்கணும், அவ்வளவுதான். கிரீஸ் அடிக்க ஆளே இல்லாத இடத்துக்கு சீல் பேரிங் சரி.

அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கி, சுத்திக்கிட்டே மெதுவா அமுக்குங்க. ரெண்டு முனையிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கணும். ஒரு பக்கம் மட்டும் வந்தா மறுபக்கம் அடைப்பு. திரும்பக் கழட்டிக் கழுவினாத்தான் தீரும். நிப்பிள் கிரீஸையே உள்ள வாங்கலைன்னா அதை மாத்துங்க, பெரும்பாலும் 1/4-28 மரை. கிரீஸ் கன்னோட அழுத்தம் சின்ன விஷயமில்லை, வேகமா அமுக்கினா சீல் பிதுங்கி வெளிய வந்துடும்.

மரைபிடிச்சவன்:
இன்னொரு வகை ஹப்பையும் சொல்லிடறேன், இழையைத் தேடி வர்றவங்களுக்கு ஆகும். சில கமர்ஷியல் மெஷின்ல சக்கரத்துக்குள்ளயே டேப்பர் ரோலர் இருக்கும். ஆக்சில் ரெண்டு முனையிலும் நட்டு, அந்த நட்டைத்தான் ஃபோர்க் கவ்வும். அங்க நட்டை 8-9 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, சக்கரத்தைச் சுத்தி, தளர்த்தி, திரும்ப 2-3 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் வைக்கணும். நட்டுல மரைப் பசை தடவியே போடணும். ஆக்சில் முனை நட்டைத் தாண்டி வெளிய நீட்டக் கூடாது. நீட்டினா ஃபோர்க் காது ஆக்சிலை அமுக்கும், நட்டு பிடிமானம் இல்லாம நிக்கும், செட்டிங் கலையும்.

பச்சைத்தரை:
காற்று டயரை எடுத்துவிட்டுப் பஞ்சரே ஆகாத திட டயர் போடுவது பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் தரையில் முள் அதிகம்.

டயர்பட்டறை:
முள் மட்டும்தான் பிரச்சினைன்னா முதல்ல சீலன்ட் ஊத்திப் பாருங்க. மிதிபரப்புல 6 மி.மீ. வரைக்குமான ஓட்டையை அது அடைக்கும். பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது. அளவு டயர் சைஸுக்கு ஏத்தபடி பாட்டில்ல போட்டிருக்கும். ஊத்தின பிறகு காற்று பார்க்கும்போது வால்வை மேல் பக்கம் கொண்டுவந்து பாருங்க, இல்லன்னா வால்வு ஊசி அடைச்சுக்கும்.

திட டயர்ல ஓட்டம் கொஞ்சம் கடினம், இடி நேரா பேரிங்குக்கும் ஃபோர்க்குக்கும் போகும். காற்று டயர் பாரத்துல கொஞ்சம் அமுங்கும், திட டயர் அந்த அளவு அமுங்காது. அதனால அளவு ஒண்ணுன்னு எழுதியிருந்தாலும் மெஷினோட மூக்கு சற்று உயரும். ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும், மாத்தினதும் டெக் மட்டத்தைத் திரும்ப வைக்கணும். பக்கத்துக்குப் பக்கம் 3 மி.மீ.க்குள்ள, பிளேடு நுனி முன்னாடி பின்னாடியைவிட 3-லேருந்து 6 மி.மீ. தாழ்வா.

இதே கணக்குல 11×4.00-5 டயரை எடுத்துட்டு 13×5.00-6 போடுறவங்க உண்டு. விட்டம் 2 அங்குலம் கூடினா ஆக்சில் 1 அங்குலம் உயரும், டெக்கோட முன்பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவு தூக்கும். பிளேடு பின்னால சாய்ஞ்சு புல்லை ரெண்டுதடவை கடிக்கும். ஃபோர்க்குக்குள்ள இடம் இருக்கான்னும் பார்க்கணும்.

டயர் மாத்துறப்போ ரிம்மைப் பாருங்க. சில ரிம் ரெண்டு பாதியை போல்ட் போட்டுச் சேர்த்தது. வால்வு ஊசியைக் கழட்டிக் காற்றை முழுசா விட்டுட்டுத்தான் அந்த போல்ட்டுகள்ல ஸ்பேனர் வைக்கணும். காற்றோட கழட்டினா ரெண்டு பாதியும் வெடிச்சுப் பிரியும். ஒற்றை ரிம்ல டயர் விளிம்பு உட்காரலைன்னா சோப்புத் தண்ணி தடவி, டயர் நடுவுல ராட்செட் பட்டையைச் சுத்தி இறுக்கி, ஊசி இல்லாம காற்று விடுங்க. பக்கச்சுவர்ல எழுதின அளவைத் தாண்ட வேண்டாம். பெட்ரோல் ஊத்திப் பத்தவைக்கிற வித்தையை வீடியோவுல பாருங்க, செய்யாதீங்க.

மைதானக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்பேசரும் ரோலர் கேஜும் ஆர்டர் போட்டாச்சு, பிவட் முடிஞ்சது, இடது உதறல் இல்லை. கடைசியா ஒண்ணு: வலது ஃபோர்க் காதுத் துளை லேசா முட்டை வடிவம் ஆயிருக்கு. அப்புறம் இடது ஃபோர்க்ல டயருக்கும் காதுக்கும் இடைவெளி ஒரு பக்கம் 9 மி.மீ., மறுபக்கம் 14. ஃபோர்க் மாத்தணுமா?

கடைசல்காரர்:
துளை: போல்ட் விட்டத்தைவிட அரை மி.மீ.க்குள் பெரிதானால், சரியான டார்க்கில் இறுக்கிய ஸ்பேசரே காதைப் பிடித்துக்கொள்ளும், ஓட்டலாம். அதற்கு மேல் என்றால், காதின் வெளிப்பக்கம் சரியான துளையுள்ள 6 மி.மீ. தடிப்புத் தகடு ஒன்றைப் பற்றவைக்கலாம். இரு காதுத் துளைகளும் ஒரே கோட்டில் நிற்க, ஒரு நேர்க்கம்பியைக் குறுக்கே விட்டுக்கொண்டு வெல்டிங் செய்ய வேண்டும்.

இடைவெளி: அதே ஃபோர்க்கில் சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பி மாட்டி மீண்டும் அளந்து பாருங்கள். 9 மி.மீ. மறுபக்கம் போனால் ரிம் அல்லது ஹப்பில் கோணல். அதே பக்கம் நின்றால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. வளைவு காதில் இருந்தால் குளிர்ந்த நிலையில் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். தண்டு வளைந்திருந்தாலோ, தண்டு ஃபோர்க்கோடு சேரும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலோ ஃபோர்க்கை மாற்றுங்கள். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் பெயின்ட் போகத் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட்டில் துருக் கோடு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கும்.

மைதானக்காரன்:
திருப்பி மாட்டிப் பார்த்தேன், 9 மறுபக்கம் போயிடுச்சு. ரிம்தான் போல.

டயர்பட்டறை:
ஃபோர்க் காதுல ஒரு சாக்பீஸைச் சேர்த்துப் பிடிச்சு சக்கரத்தைச் சுத்துங்க. ரிம் ஓரத்துல ஒரே இடத்துல மட்டும் கோடு விழுந்தா ரிம் கோணல், ரிம்மை மாத்துங்க. முழு வட்டமா கோடு விழுந்தா ரிம் நேராத்தான் இருக்கு, ஹப் ஒரு பக்கமா தள்ளி வெல்ட் ஆகியிருக்கு. சில ரிம் அப்படித்தான் வரும், அதனால ஒண்ணும் கெடாது.